இடுப்பு உயரத்தில் ஒரு கோடு

கான்கிரீட் ஊற்றி 12ஆம் நாள். 06:10, சென்னை நேரம்

உள்ளழுத்தம் 30 கிலோபாஸ்கல். நிலையாக இருக்கிறது. உள்வெப்பம் 22 டிகிரி. ஹீட்டர்கள் நான்கும் ஓடுகின்றன. கியூப் சோதனை முடிந்தது: ஆறு கியூப், சராசரி 191 மெகாபாஸ்கல். குறை ஏதும் இல்லை.

இது தளக் குறிப்பேடு. காகிதம். கணினியில் எழுதினால் கீழே இருப்பவர்கள் மொழி திருத்துகிறார்கள். போன வாரம் நான் "மடத்தனம்" என்று எழுதியது மறுநாள் "மாற்றுக் கருத்து" என்று ஆகியிருந்தது. அதனால் இனிமேல் கையால்தான். கீழே என்றால் பூமி. இங்கிருந்து பார்த்தால் அது தலைக்கு மேலே தெரிகிறது. இருந்தாலும் எனக்கு அவர்கள் கீழேதான்.

கண்டெடுப்பவருக்கு: என் பெயர் மங்கையர்க்கரசி. அரியலூர். கான்கிரீட் தரப் பொறியாளர், இருபத்தெட்டு வருட அனுபவம். நிலாவில் ஒரு குமிழ் வீடு வார்த்திருக்கிறோம். ஐந்து மீட்டர் ஆரம், பதினெட்டு சென்டிமீட்டர் சுவர். அரசாணைப்படி அதன் பெயர் வெண்மதி மாளிகை. நான் குமிழ் என்றே எழுதுவேன். ஊற்றிய நாலு பேரில் மூவர் மேலே சுற்றுக்கலத்துக்குப் போய்விட்டார்கள். பக்கத்திலுள்ள தகரக் கூண்டில் ஒருத்தர்தான் தங்க முடியும். அந்த ஒருத்தர் நான். 21ஆம் நாள் ஆறு பேர் இறங்கிக் குமிழுக்குள் குடியேறுகிறார்கள்.

கியூப் என்பது அதே கலவையில் வார்த்து அமுக்கிப் பார்க்கும் சோதனைக் கட்டி. அது 191 என்றதும் கீழே கைதட்டினார்கள். கான்கிரீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறவர்களை என்ன சொல்வது. அமுக்கினால் எந்தக் கான்கிரீட்டும் தாங்கும். இங்கே வெளியே காற்றே கிடையாது. உள்ளே நாம் அடைக்கும் காற்று சுவரை வெளிப்பக்கம் தள்ளுகிறது. சுவர் முழுக்க இழுபட்டுக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் கான்கிரீட் வெறும் பிஸ்கட். அதற்காகத்தான் எஃகு இழை.

ஒரு இழை பதின்மூன்று மில்லிமீட்டர் நீளம், மூன்று தலைமுடி தடிமன், மேலே பித்தளைப் பூச்சு. நூற்றுக்கு இரண்டு பங்கு கலக்கிறோம். கம்பி கட்டுவது கிடையாது, இழைதான் எல்லாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தாலும் அதன் இரண்டு கரையையும் இழைகள் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வரும். எங்கள் மேஸ்திரி துரைக்கண்ணு இதை ஜரிகை என்பார். முதல் பெட்டியைப் பிரித்தபோது மின்னியதைப் பார்த்து வைத்த பெயர். சிமெண்டும் மணலும் இந்த மண்ணிலேயே சுட்டு அரைத்தவை, தண்ணீர் இங்கே பள்ளத்தில் உறைந்து கிடந்த பனிக்கட்டி. ஜரிகையும் கலவையை இளக்கும் மருந்தும் மட்டும் ஊரிலிருந்து வந்தன. ஜோதிடமும் வந்தது. அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

12ஆம் நாள். 16:45

எழுதியே ஆகவேண்டும்.

ஊற்றும் நாளை எங்கள் திட்ட இயக்குநர் குலசேகரன் குறித்தார். கலவையின் தன்மையைப் பார்த்துக் குறிக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்தார். அதிலும் ஒரு சிக்கல் வந்ததாம். பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ராகு காலம். நிலாவில் ஒரு பகல் பதினாலே முக்கால் நாள். கணக்குப் போட்டால் ராகு காலம் நாற்பத்து நாலு மணி நேரம். இரண்டு கூட்டம் போட்டு, சென்னை நேரத்தையே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். அன்றைக்கு இயக்குநருக்குச் சந்திராஷ்டமம் இல்லையென்றும் உறுதி செய்துகொண்டார்கள். சந்திரன் எங்கே நிற்கிறது என்று அங்கே பஞ்சாங்கத்தில் தேடினார்கள். நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் 09:15 முதல் 10:15. வாழ்த்துரை வழங்க வேண்டிய மாண்புமிகு வந்து சேரவில்லை. நேரம் தவறக்கூடாது என்று 09:20க்குப் பம்பை ஓட்டச் சொன்னார்கள். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, காற்று நிரப்பிய தற்காலிகக் கூடாரத்துக்குள் ஊற்றினோம். சுவர் இடுப்பு உயரம் வந்தபோது மாண்புமிகு திரையில் தோன்றினார். பம்ப் சத்தத்தில் பேச்சு கேட்காது, நிறுத்துங்கள் என்றார் இயக்குநர். 10:02க்கு நிறுத்தினோம். மாண்புமிகு முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். அவ்வையார் முதல் ராக்கெட் வரை எல்லாம் வந்தது. மறுபடி பம்ப் ஓடியபோது மணி 10:40. ராகு காலம் தொடங்கிப் பத்து நிமிடம். அது யாருக்கும் உறைக்கவில்லை.

இந்தக் கலவையில் தண்ணீர் மிகக் குறைவு. சும்மா விட்டால் பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டும், ஆறிய பாலில் ஆடை படிவது போல. அதன்மேல் புதிதாக ஊற்றினால் ஒட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் ஜரிகை அந்தத் தோலைத் தாண்டிப் போகாது. பம்பை நிறுத்தக்கூடாது என்று நான் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தேன். கேட்கவில்லை.

14ஆம் நாள். 07:05

அழுத்தம் 29.6. நேற்று 30. கசிவு இருக்கிறது. கதவு ரப்பர், வால்வு, குழாய் மூட்டு எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் நுரை உள்ளே இழுபடவில்லை.

கீழே தெரிவித்தேன். பதில்:

"மேடம், வால்வாதான் இருக்கும். ஒருவாட்டி டைட் பண்ணிப் பாருங்க. இதெல்லாம் சின்ன விஷயம்."

வால்வைச் சோதித்துவிட்டேன் என்று சொன்ன பிறகு வரும் பதில் இது. படிக்கத் தெரிந்தவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதில்லை போலிருக்கிறது.

14ஆம் நாள். 13:20

சுத்தியலால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தேன். நல்ல இடத்தில் ணங் என்கிறது. தரையிலிருந்து 98 சென்டிமீட்டர் உயரத்தில் டொக் என்கிறது. குமிழைச் சுற்றி முழு வட்டமும் தட்டினேன். முப்பத்தொரு மீட்டர். எல்லா இடத்திலும் அதே உயரத்தில் டொக்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காயும்போது பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. பென்சிலால் கிழித்தது போல. என் இடுப்பு உயரம்.

15ஆம் நாள். 09:30

கோட்டின் மேலேயே துளைத்துக் கோர் எடுத்தேன். சுவரில் பாதி ஆழம், விரல் தடிமன் உருளை. வெளியே இழுக்கும்போதே இரண்டாகக் கையோடு வந்தது. முறிந்த முகம் வழவழவென்று இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஜரிகை எல்லாம் தோலுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. ஒன்றுகூடக் குறுக்கே போகவில்லை.

ஒப்பிட, இரண்டு மீட்டர் உயரத்தில் இன்னொரு கோர் எடுத்தேன். சுத்தியலால் பதினோரு அடி அடித்தேன். விரிசல் விட்டது, பிரியவில்லை. இரண்டு பக்கத்தையும் ஜரிகை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு சதுர சென்டிமீட்டரில் முப்பது இழை எண்ணினேன். கோட்டில் பூஜ்யம்.

இரண்டையும் கேமரா முன்னால் வைத்துக் காட்டினேன். இயக்குநரே பேசினார்:

"கோர் எடுக்க உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா? நல்லா இருக்கிற சுவத்துல ஓட்டை போட்டுட்டு ஓட்டை இருக்குன்னு சொல்றீங்க. கியூப் நூத்தித் தொண்ணூத்தொண்ணு வந்திருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?"

கியூபை ஊற்றியது வாளியிலிருந்து, ஒரே மூச்சில். அதற்கு யாரும் வாழ்த்துரை வழங்கவில்லை. அதனால் 191. இதை அவருக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை அவர் தேநீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

துளைகள் இரண்டையும் பிசின் வைத்து அடைத்துவிட்டேன். அவை கசியவில்லை. கோடு கசிகிறது.

16ஆம் நாள். 10:15

முழு அழுத்தம் 50 கிலோபாஸ்கல். ஆறு பேர் சுவாசிக்க அவ்வளவு வேண்டும். 20ஆம் நாள் ஆளில்லாமல் 50 வரை ஏற்றிச் சோதிப்பதாகத்தான் அட்டவணை. இன்று திருத்திய அட்டவணை வந்திருக்கிறது. 50க்கு ஏற்றுவது இனிமேல் சோதனை இல்லையாம், விழாவாம். பெயர் "முதல் மூச்சு". ஆறு பேரும் உள்ளே வரிசையாக நிற்க, மாண்புமிகு சென்னையிலிருந்து பொத்தானை அழுத்த, காற்று ஏறும். 21ஆம் நாள், வெள்ளி, 09:40.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுமனை புகக்கூடாது. விட்டால் ஆவணிதான்.

50க்கு ஏறும்போது குமிழின் மேல்பாகத்தைக் காற்று நானூறு டன் விசையோடு மேலே தள்ளும். பிடித்துக்கொள்ள இடுப்பு உயரத்தில் ஒரு இழைகூட இல்லை. வெயில் வேறு 20ஆம் நாள் போகிறது. வெளிச்சுவர் குளிர்ந்து சுருங்கும், கோடு இன்னும் திறக்கும். உள்ளே ஆறு பேர், விழா என்பதால் தலைக்கவசம் இல்லாமல், புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டு. இதை எழுத்தில் அனுப்பினேன். "பெறப்பட்டது" என்று பதில் வந்தது.

17ஆம் நாள். 08:50

சுற்றுக்கலம் தலைக்கு மேலே வரும்போது பன்னிரண்டு நிமிடம் நேராகப் பேசலாம். கலத்தின் தலைவி ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரர், நிதானமானவர். எல்லாவற்றையும் சொன்னேன். இறங்காதீர்கள் என்றேன். இறங்கிவிட்டால் திரும்பி ஏற எரிபொருள் கிடையாது, அதைத் தயாரிக்கும் இயந்திரம் குமிழுக்குள்தான் இருக்கிறது. குமிழ் போனால் ஆறு பேருக்கும் போக்கிடம் இல்லை.

"மேடம், நீங்க சொல்றதை நான் நம்பல்லன்னு இல்ல. ஆனா கீழ இருந்து இறங்குன்னு ஆர்டர் வந்திருக்கு. நான் மாட்டேன்னு சொல்லணும்னா கையில ஏதாவது வேணும்லா. ஊத்தும்போது நின்னதுக்கு சாட்சி யாரு?"

மேஸ்திரி கலத்தில்தான் இருக்கிறார், கேளுங்கள் என்றேன். கூப்பிட்டுக் கேட்டார். துரைக்கண்ணு பேசினார்.

"மேடம் கார்டுல இன்னா எழுதிக்கிறாங்களோ அதாம்மா. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

கார்டு என்றால் ஊற்றிய அன்று நான் நிரப்பிய ஊற்று அட்டை. ஜெசிந்தா, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். கலம் தாண்டிப் போய்விட்டது.

18ஆம் நாள். 11:00

இயக்குநர்:

"மேடம், உங்க ஊற்று அட்டை என் முன்னாடி இருக்கு. 'ஊற்றலில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இடைவேளை உண்டா?' அப்படின்னு ஒரு கட்டம். அதுல நீங்க என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? 'இல்லை'. கீழ உங்க கையெழுத்து. ஜெசிந்தாவுக்கும் அதை அனுப்பிட்டேன். இதோட விட்டுடுங்க."

தெரியும். நான்தான் எழுதினேன்.

12ஆம் நாள் பதிவில் ஒரு வரியை அடித்திருக்கிறேன், பாருங்கள். "கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தேன்" என்ற வரி. அது பொய். நான் வாயே திறக்கவில்லை. கீழே உள்ள முட்டாள்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

ஏன் என்று எழுதுகிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பேச்சின் நகல் முதல் நாளே வந்திருந்தது. கடைசிப் பத்தியில் என் பெயர் இருந்தது. "நிலவில் சுவர் எழுப்பிய முதல் தமிழ்ப் பெண் பொறியாளர் மங்கையர்க்கரசி." பம்பை நிறுத்தியதும் எனக்குக் கலவை நினைவில் இருந்தது. பத்தாவது நிமிடம் தோல் கட்டும் என்று தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் அவ்வையாரில் இருந்தார். கடைசிப் பத்தி வரட்டும் என்று நின்றேன். இருபதாவது நிமிடமும் நின்றேன். தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கேமராவுக்கு முகம் தெரிகிற மாதிரி நின்றேன்.

கடைசிப் பத்தி வந்தது. மாண்புமிகு இயக்குநர் பெயரைச் சொன்னார், இரண்டு துணைச் செயலாளர் பெயரைச் சொன்னார். என் பெயர் இருந்த வரியை விட்டுவிட்டார். கண்ணாடி மாற்றிக்கொள்ளும் நேரத்தில் வரி தவறிவிட்டது என்று நினைக்கிறேன்.

18ஆம் நாள். 12:30

மீதியையும் எழுதிவிடுகிறேன். பேச்சு முடிந்ததும் துரைக்கண்ணு ஒரு நீளக் கம்பியோடு என்னிடம் வந்தார். தலைக்கவசப் பதிவில் இருக்கிறது, இன்று மறுபடி கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"மேடம், மேல தோலு கட்டிக்கிச்சி. கம்பிய வுட்டு குத்திக் கலக்கி வுட்றட்டுமா? ரெண்டு நிமிசம் மேடம். அப்புறம் ஊத்தலாம்."

அதற்கு நான்:

"மேஸ்திரி, இது உங்க ஊர் செங்கல் சூளை இல்ல. இதுல கம்பி விட்டா ஃபைபர் திசை மாறும். புத்தகத்துல இருக்கு. படிச்சவங்க சொல்றதைச் செய்யுங்க. போங்க, பம்பைப் போடுங்க."

புத்தகத்தில் இருப்பது உண்மைதான். சாதாரணமாகக் கம்பி விடக்கூடாது. ஆனால் தோல் கட்டிவிட்டால் குத்திக் கிளறிவிட வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். அந்த நிமிடம் எனக்கு யார்மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது. மாண்புமிகுமேல் விழ முடியாது. மேஸ்திரி பக்கத்தில் நின்றார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பம்பைப் போட்டார்.

சாயங்காலம் அட்டையில் "இல்லை" என்று எழுதினேன். உண்டு என்று எழுதினால் ஏன் கலக்கவில்லை என்று கேட்பார்கள். என் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கறை கிடையாது.

நேற்று அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் "கார்டுல இருக்கறதுதான்" என்றார். அந்த மரியாதை இப்போது அவரையும் சேர்த்து ஆறு பேரைக் கொல்லப் பார்க்கிறது.

19ஆம் நாள். 09:15

இயக்குநரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அட்டை பொய் என்றேன், பொய் எழுதியது நான் என்றேன். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ் போடுங்கள், இறக்கத்தை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை சார் என்று கூப்பிட்டேன்.

"அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா மேடம்? எதை நான் நம்பறது? தனியா இருக்கீங்க, மனசு ஒரு மாதிரி இருக்கும். டாக்டர்கிட்ட பேச ஏற்பாடு பண்றேன். பம்பை நிறுத்தச் சொன்னதா நான் எங்கேயும் எழுதல. சத்தத்தைக் குறைக்கத்தான் சொன்னேன்."

நேரடிப் பேச்சும் போய்விட்டது. கலத்தோடு நான் பேசும் அலைவரிசையை "விழா ஒத்திகைக்காக" எடுத்துக்கொண்டார்கள். என் குரல் ஜெசிந்தாவுக்குப் போகாது. ஆனால் குமிழின் அழுத்தமானி தானாகவே கலத்துக்கு எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த அவர்களுக்குத் தோன்றவில்லை.

19ஆம் நாள். 14:00

யோசித்துவிட்டேன். நான் சொன்னால் நம்பமாட்டார்கள், நியாயம்தான். குமிழ் சொன்னால் நம்புவார்கள்.

பழைய அட்டவணைப்படி 20ஆம் நாள் ஆளில்லாமல் 50க்கு ஏற்ற வேண்டும். நான் பழைய அட்டவணைப்படியே செய்யப் போகிறேன். ஏற்றும் வால்வு கூண்டில் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாங்கினால் நான் கிறுக்கி, ஆறு பேரும் இறங்கி வந்து என்னைக் கட்டிப்போடட்டும். அதைவிட எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது.

தாங்காவிட்டால் கூண்டுக்கு மின்சாரமும் காற்றும் கொடுக்கும் இயந்திரம் குமிழோடு போய்விடும். கூண்டில் தனியாக நாலு நாள் காற்று இருக்கிறது. அடுத்த கலம் ஆவணியில்.

20ஆம் நாள். 15:02

வெயில் போய்விட்டது. ஹீட்டர்களை அணைத்தேன். குமிழின் கதவை மூடினேன்.

15:20. வெளிச்சுவர் குளிர்கிறது. அழுத்தம் 30. வால்வைத் திறந்தேன்.

15:41. 34. கோடு தெரிகிறது. கேமராவில் கறுப்பு நூல் மாதிரி.

15:50. 37. கீழிருந்து: "மேடம், பிரஷர் ஏறுது. யாரு ஏத்தறது?"

15:58. 40. மூன்று இடத்தில் கோட்டிலிருந்து தூசு வெளியே பீய்ச்சுகிறது. ஊரில் என்றால் சத்தம் கேட்டிருக்கும்.

16:03. 42. இயக்குநர் கத்துகிறார். நிறுத்துங்க, உடனே நிறுத்துங்க, இது ஆர்டர். அன்றைக்கும் இப்படித்தான் நிறுத்தச் சொன்னார். அன்றைக்குக் கேட்டேன்.

16:07. 44

16:07. போய்விட்டது.

20ஆம் நாள். 17:10

இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

சத்தம் இல்லை. தரை ஒரே ஒரு தடவை உதைத்தது. இடுப்பு உயரத்துக்கு மேலே உள்ள குமிழ் முழுசாக, இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கியது போல எழுந்தது. மூன்று ஆள் உயரம் போயிருக்கும். இந்த ஊரில் எதுவும் அவசரமாக விழாது. அப்படியே சாய்ந்து, மெதுவாக இறங்கி, பக்கத்து மேட்டில் கவிழ்ந்து உட்கார்ந்தது. கூண்டையும் குமிழையும் இணைத்த துணிக் குழாய் கிழிந்தது. கூண்டின் கதவு தானே மூடிக்கொண்டது. விளக்கு ஒன்று எரிகிறது.

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு கத்தி வைத்து வெட்டியது போல முழு வட்டமும் ஒரே மட்டம். மேல்பாகம் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் ஒரு துண்டுகூடச் சிதறவில்லை. இருபது இடத்தில் விரிசல், எல்லாவற்றையும் ஜரிகை பிடித்து வைத்திருக்கிறது. கலவை நல்ல கலவை. அதை நான்தான் கலந்தேன். கோடும் என்னுடையதுதான்.

அழுத்தமானி பூஜ்யம் காட்டுகிறது. சுற்றுக்கலத்திலும் இப்போது பூஜ்யம் காட்டும்.

20ஆம் நாள். 18:40

கலம் இறங்கவில்லை, கீழிருந்து தகவல் வந்தது. ஜெசிந்தா இறக்கத்தை ரத்து செய்துவிட்டார். ஆறு பேரும் மேலேதான் இருக்கிறார்கள். ஆறு பேர். இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், ஆறு பேரும் மேலேதான் இருக்கிறார்கள்.

கீழிருந்து எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது குறித்துப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டுமாம். தவறினால் விளக்கம் ஏதுமில்லை என்று கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும். என்னிடம் நாலு நாள் காற்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்த எண்ணும் அவர்கள் திரையில்தான் ஓடுகிறது. மெமோவில் பதினைந்து என்றுதான் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அதை மாற்ற இன்னொரு மெமோ வேண்டும்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்புக்கும் காற்று செலவாகிறது.

21ஆம் நாள். 09:40

முகூர்த்த நேரம். வாழ்த்துரை ஏதும் இல்லை.

அலைவரிசையை ஜெசிந்தா தானாகவே திறந்துவிட்டார். திரும்பிப் போகும் முன் கடைசிச் சுற்று. துரைக்கண்ணு பேசினார்.

"மேடம், நான் மட்டும் எறங்கி வரேன்னு கேட்டுப் பாத்தேன். எண்ணெ இல்லன்றாங்க. எறங்கனா ஏற முடியாதாம்."

வரக்கூடாது என்றேன். வந்தால் அவருக்கும் சேர்த்து ஒன்றரை நாள் காற்றுதான். பிறகு, அன்றைக்கு நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தின் அடுத்த பக்கத்தையும் சொன்னேன்.

"வுடுங்க மேடம். உங்க பேர அந்தாளு சொல்லாம வுட்டுட்டான்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடிச்சி. உங்க மொகத்தப் பாத்தேன். அதான் அப்ப ஒண்ணும் பேசல. ஆனா கேக்காமயே குத்தி வுட்டுருக்கணும். அது என் தப்பு."

அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கூட்டத்திலேயே என் முகத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நான் படிக்காதவர் என்று விரட்டினேன். அவர் தப்பு இல்லை என்று சொன்னேன், அதற்குள் கலம் மறைந்துவிட்டது. அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. இதைப் படிப்பவர் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

23ஆம் நாள். 10:00

குளிர். பேனா சரியாக ஓடவில்லை. விரலைத் தேய்த்துத் தேய்த்து எழுதுகிறேன்.

ஆவணியில் வருகிறவருக்கு. நல்ல முகூர்த்தம் நிறைய இருக்கும், ஏதாவது ஒன்றில் வருவீர்கள். அடிப்பாகம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் மறுபடி கட்டாதீர்கள், இடித்துவிட்டு முதலிலிருந்து ஊற்றுங்கள். ஜரிகை இன்னும் நாற்பது பெட்டி கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது, ஈரம் படவில்லை. ஊற்றும்போது பம்பை நிறுத்தாதீர்கள். பேச வந்தவரை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு மேஸ்திரி நின்று ஏதாவது சொன்னால் காது கொடுங்கள்.

மெமோவுக்கு விளக்கம் எழுதவில்லை. அதற்குப் பதில் வேறொன்று எழுத வேண்டும். வெற்று அட்டை ஒன்று குறிப்பேட்டின் பின்னாலேயே இருந்தது.

24ஆம் நாள்

மணி தெரியவில்லை. விளக்கு மங்கல்.

ஊற்று அட்டை. திருத்தியது.

இடம்: குமிழ், சுவர், இடுப்பு உயரம்

இடைவேளை உண்டா: உண்டு

எவ்வளவு: 38 நிமிடம்

காரணம்: பேச்சு கேட்டுக்கொண்டிருந்தேன்

கலக்கிவிடலாம் என்றவர்: மேஸ்திரி துரைக்கண்ணு

வேண்டாம் என்றவர்: நான்

பொறியாளர் பெயர், கையொப்பம்: மங்கையர்க்